தண்ணி தெளிவா இருந்தும் ஆர்.ஓ. மெம்பிரேன் ஏன் அடைக்குது? எதை அளந்து பாக்கிறது?

நீங்க கேட்டிருக்கிறது, குளக்கட்டுக்குக் கீழ இருக்கிற கிணத்துத் தண்ணியத்தான் ஊர் ஆர்.ஓ. பிளான்டுக்குக் குடுக்கிறம், தண்ணி நல்ல தெளிவு, எஸ்.டி.ஐ.யும் (தண்ணி ஃபில்டரை எவ்வளவு கெதியா அடைக்குது எண்ட கணக்கு) 3ஐத் தாண்டேல்ல, ஆனா கோடை முடியிறதுக்குள்ள மெம்பிரேன் வழுவழுப்பா அடைஞ்சு போகுது, என்னத்தை அளக்கிறது எண்டு. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இந்தச் சின்ன பிளான்டுகளைத் திருத்திக்கொண்டு திரியிற ஆள் நான், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல எஸ்.டி.ஐ.யை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. 0.45 மைக்ரோன் ஃபில்டருக்குள்ளால 30 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில 500 மில்லிலீற்றர் தண்ணி இறங்க எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாத்து, 15 நிமிசம் ஓடவிட்டுத் திரும்பவும் பாக்கிறது, எஸ்.டி.ஐ. எண்டா அவ்வளவுதான். களி, துருவுக்கு அது நல்ல டெஸ்ட். ஆனா உங்கட மெம்பிரேனைப் பிடிச்சிருக்கிறது பாசியும் பக்டீரியாவும் விடுற பிசின், அதில கனக்க 0.45ஐ விடச் சின்னன், பெருசா இருக்கிறதும் இளகின ஜெல் எண்டபடியா நசிஞ்சு ஓட்டைக்குள்ளால நழுவிப் போயிடும். அந்த ஜெல்லுக்குள்ள முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அதால கலங்கல் மீற்றருக்கும் அது தெரியாது. 1993ல கடல்தண்ணியில ஆராய்ச்சி செய்த ஆலிஸ் ஆல்ட்ரெட்ஜ், ஊட்டா பாசோ ஆக்கள் ஆல்சியன் புளூ எண்ட சாயத்தைப் போட்டுத்தான் இதைக் கண்ணுக்குத் தெரியப்பண்ணினவை, டி.ஈ.பி. எண்டு பேரும் வைச்சவை. மெம்பிரேன் காரர் இதைக் கவனிக்கத் தொடங்கினது 2005க்குப் பிறகுதான்.

எங்கட பக்கத்தில இது இன்னும் மோசமா ஒட்டுறதுக்குக் காரணம் தண்ணியின்ர கடினம். அந்தப் பிசினில அமிலத் தன்மையான சீனிச் சங்கிலிகள் இருக்கு, கல்சியம் வந்து ரெண்டு சங்கிலியைச் சேத்துக் கட்டிவிடும், பிறகு அது மெம்பிரேனில ஒரு தோலா இறுகிப் போகும். அதால டி.ஓ.சி. (தண்ணியில இருக்கிற மொத்தச் சேதனக் காபன்) எத்தினை எண்டதை விட அதில எந்தச் சாதிப் பொருள் இருக்கு எண்டதுதான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன்.

அளக்கத் தொடங்கிறதெண்டா கரைஞ்ச சேதனக் காபனையும் யூ.வி. 254ஐயும் (254 நானோமீற்றர் யூ.வி. வெளிச்சத்தைத் தண்ணி உறிஞ்சிற அளவு) ஒரே சாம்பிளில எடுங்கோ. உதாரணத்துக்கு காபன் லீற்றருக்கு 4 மில்லிகிராம், யூ.வி. உறிஞ்சல் சென்ரிமீற்றருக்கு 0.06 எண்டு வருது எண்டு வைப்பம், மீற்றருக்கு மாத்தினா 6, அதை 4ஆல பிரிச்சா 1.5. இதைத்தான் சுவா எண்டுறது. 4க்கு மேல வந்தா அழுகின இலை சருகில இருந்து வாற ஹியூமிக் சாமான் கூட, அது தண்ணியில மஞ்சளாவும் தெரியும். 2க்குக் கீழ வந்தா ஹியூமிக் குறைவு, பிசின் பக்கம் சந்தேகப்படுங்கோ, ஏனெண்டா சீனிச் சங்கிலிகள் 254ல வெளிச்சத்தை உறிஞ்சாது, யூ.வி.யை மட்டும் பாத்தா ஒண்டுமே இல்லை எண்டுதான் காட்டும். தண்ணியில இரும்பு இருந்தா யூ.வி. கணக்குக் கூடிக் காட்டும், அதையும் சேத்து அளவுங்கோ. சாம்பிளை வடிவாக் கழுவின கண்ணாடிப் போத்தில்ல எடுத்து ஐசில வைச்சு அண்டைக்கே லாப்புக்குக் குடுக்க வேணும், வெயில்ல மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள கிடந்த போத்தில்ல வாற ரிசல்ட்டை நான் ஏத்துக்கொள்ளவே மாட்டன்.

பிறகு ஆல்சியன் புளூ. 0.4 மைக்ரோன் பொலிகாபனேட் ஃபில்டரில தண்ணியை மெதுவா வடிச்சு, பி.எச். 2.5ல இருக்கிற சாயத்தைக் கொஞ்சம் விட்டு, மிச்சச் சாயம் போகச் சுத்தமான தண்ணியால கழுவினா, நல்ல தண்ணிக்கு ஃபில்டர் வெள்ளையாத்தான் இருக்கும், பிசின் இருந்தா நீலம் திட்டுத் திட்டா ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது. அந்த ஃபில்டரை 80 வீத சல்பூரிக் அசிட்டில ரெண்டு மணித்தியாலம் ஊறவிட்டு 787 நானோமீற்றரில வாசிச்சா எண் வரும். தயவுசெய்து இதை பிளான்டில வைச்சுச் செய்யாதேங்கோ, அந்த அசிட் ஆளை எரிச்சுப்போடும். கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலயோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலயோ கேட்டுப் பாருங்கோ. எல்.சி. ஓ.சி.டி. எண்டு ஒரு மெசின் இருக்கு, பிசின், ஹியூமிக், சின்ன அமிலங்கள் எண்டு அளவுவாரியாப் பிரிச்சுத் தரும், அருமையான சாமான், ஆனா ஊர்ச் சங்கம் ஒண்டுக்கு அந்தச் செலவு கட்டாது.

ஒரு இடத்தில மட்டும் சாம்பிள் எடுக்காதேங்கோ. கிணறு, மணல் ஃபில்டருக்குப் பிறகு, காபன் ஃபில்டருக்குப் (கரி நிரப்பினது) பிறகு, காட்ரிஜுக்குப் பிறகு எண்டு ஒவ்வொண்டா எடுங்கோ, ஏனெண்டா கன இடத்தில குற்றம் குளத்திலயோ கிணத்திலயோ இல்லை, மாத்தாமக் கிடக்கிற அந்தக் கரிக்குள்ளதான் பக்டீரியா குடியிருந்து பிசினை விட்டுக்கொண்டிருக்கும். காபன் ஃபில்டருக்கு முன்னால இருந்ததை விடப் பின்னால நீலம் கூட எண்டா அதோட விசயம் விளங்கீடும்.

கழட்டின பழைய மெம்பிரேன் இருந்தா எறியாதேங்கோ, அதை வெட்டி விரிச்சுப் பாருங்கோ. பிளாஸ்டிக் வலையின்ர கட்டம் கட்டமா கபிலச் சளி படிஞ்சிருக்கும், விரலால வழிச்சா கையில வழுக்கும், சேத்து மணம் வரும். அதில கொஞ்சத்தைச் சுரண்டி 105 பாகையில காயவைச்சு நிறுத்து, பிறகு 550 பாகையில எரிச்சு நிறுத்துப் பாத்தா குறைஞ்ச நிறையில பெரும்பகுதி சேதனப் பொருள்தான். இன்னொரு துண்டில ஐதான அசிட் விட நுரைச்சா கல்சியம் காபனேற்றும் இருக்கு. ரெண்டும் இருந்தா கழுவேக்க முதல் கார மருந்து, பிறகுதான் அசிட். மாறிச் செய்தா சேதனப் படிவு இன்னும் இறுகீடும், கன பிளான்டில இதாலதான் கழுவியும் ஃபுளோ திரும்பி வாறேல்ல. ஃபுளோ 10 வீதம் குறைஞ்ச உடனயே கழுவுங்கோ, பாதியாகும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தா மெம்பிரேனை மாத்திறதுதான் மிச்சம்.

சுவா ரிசல்ட் வந்தா கீழ போடுங்கோ, அதோட என்ன ஆன்டிஸ்கேலன்ட் (மெம்பிரேனில உப்புப் படியாம விடுற மருந்து) பாவிக்கிறியள், ஃபில்டர் காபன் கடைசியா எப்ப மாத்தினது எண்டதையும் எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.