புரையேறியதா, விஷமா? 'ஸ்ட்ராங்லர்' பற்றிச் சில கேள்வி பதில்கள்

கேள்வி: அண்ணா, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலில் தன் கல்யாணப் பந்தியிலேயே இளம் அரசன் ஜாஃப்ரி சாகிறானே, அந்த விஷம் எதில் செய்தது?

பதில்: இலையில். சீரியலுக்கு மூலமான ஜார்ஜ் மார்ட்டினின் நாவலில் அதன் பெயர் ஸ்ட்ராங்லர், குரல்வளையை நெரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் ஜேட் கடல் தீவுகளில் மட்டும் முளைக்கும் ஒரு செடி. அதன் இலைகளை நாள்பட வைத்து, எலுமிச்சையும் சர்க்கரைத் தண்ணீரும் அரிய மசாலாக்களும் சேர்த்து ஊறப்போடுவார்கள். இதுவரை ஊறுகாய்ப் பக்குவம் மாதிரிதான் இருக்கும்! அப்புறம் இலையை எறிந்துவிட்டு, சாறில் சாம்பல் கலந்து இறுகவிட்டால் ஊதா நிறக் கற்கள். மதுவில் போட்டால் கரைந்துவிடும்.

கேள்வி: ஜாஃப்ரிதான் முதல் பலியா?

பதில்: இல்லை. 1998இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே கிரெஸ்ஸன் என்ற கிழட்டு மேய்ஸ்டர் (அரண்மனை வைத்தியரும் பண்டிதருமானவர்), மெலிசாண்ட்ரே என்ற மந்திரக்காரப் பூசாரிணியைக் கொல்ல விதையளவு கல் ஒன்றைக் கோப்பையில் போடுகிறார். இருவரும் அதே மதுவைக் குடிக்கிறார்கள். அவள் கழுத்து மாணிக்கம் சிவந்து ஒளிர்கிறது, கிழவர் சுருண்டு விழுகிறார். ஜாஃப்ரி சாவதோ 2000இல் வந்த மூன்றாம் பாகத்தில். ஆயுதத்தை அவ்வளவு முன்னாலேயே கண்ணில் காட்டியும் நமக்கு உறைக்கவில்லை.

கேள்வி: ஜாஃப்ரியைக் கொன்ற கல்லைச் சான்சா என்ற பெண்ணின் நகையில் ஒளித்துத்தானே பந்திக்குக் கொண்டுவந்தார்கள்? அது இருந்தது கழுத்தணியிலா, கூந்தலிலா? வீட்டில் ஒரே சண்டை.

பதில்: இரண்டு பேரும் சரி. சீரியலில் கழுத்தணி, நாவலில் வெள்ளிக் கூந்தல்வலை. தப்பி ஓடும்போது சான்சா வலையைக் கழற்றிப் பார்க்கிறாள்: ஒரு கல் இருந்த குழி காலி.

கேள்வி: சார், நம்ம அரளி, எட்டி மாதிரியா?

பதில்: அரளி இதயத்தைப் பிடிக்கும், அது வேறு. எட்டி விதையில் உள்ள ஸ்ட்ரிக்னின் தசைகளை இறுக்குவதால் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அது உடம்பையே வில்லாக வளைத்துவிடும். தொண்டையை மட்டும் தேடிப் பிடிப்பது ஆசிரியரின் கற்பனை.

கேள்வி: ஏன் தொண்டை?

பதில்: கொலை என்றே தெரியக்கூடாதே! நம் வீட்டில் புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சியில் தட்டுவோம். அந்தப் பந்தியிலும் முதலில் அப்படித்தான், மணப்பெண்ணின் அண்ணன் கார்லன் ஓடிவந்து ஜாஃப்ரியின் முதுகில் ஓங்கித் தட்டுகிறான். 1153இல் இங்கிலாந்து அரசர் ஸ்டீபனின் மகன் யூஸ்டஸ் செத்த கதையை மனதில் வைத்தே எழுதியதாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். அவன் விருந்தில் தொண்டை அடைத்துச் செத்தானா, விஷமா என்று இன்றும் பேசுகிறார்கள்.

கேள்வி: விஷம் மதுவில் இல்லை, புறாக்கறி அடைத்துச் சுட்ட 'பை' (pie) பலகாரத்தில் இருந்தது, குறியும் ஜாஃப்ரி இல்லை, அவன் மாமா டிரியன்தான் என்கிறார்களே?

பதில்: நான் மது கட்சி. ஜாஃப்ரி குடித்த மூன்றடி உயரத் தங்கக் கோப்பை உருண்டு கிடக்கிறது. அடியில் அரை அங்குலம் மது, கரும் ஊதா நிறத்தில். டிரியன் அதை எடுத்துப் பார்க்கிறான், யோசிக்கிறான், தரையில் கவிழ்க்கிறான். பழி தன் தலையில் விழப்போகிறது என்று தெரியாமல், இருந்த ஒரே தடயத்தையும் அவனே கொட்டிவிட்டான்.