உடல், மனம், ஆன்மா வழியாக உள்ளாற்றலை வெளிக்கொணர்வது என்றால் என்ன?

நம்மிடம் இருந்தும் வெளிப்படாத திறன்தான் உள்ளாற்றல். அதற்கு உடல், மனம், ஆன்மா மூன்றும் வேண்டும். தூக்கம் குறைந்தால் கவனம் சிதறும். அப்புறம் எதற்காக உழைக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் சீவினால் பால் வடியும் கிண்ணமான மங்கு நிறையும், ஏனென்றால் அப்போதுதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் குறைந்துவிடும். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் காயம். புதுப் பட்டை முண்டுமுண்டாக வளரும். என் அம்மா சீவும்போது பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழும். நம்மையும் அப்படித்தான் நேரமறிந்து, அளவறிந்து பழக்க வேண்டும்.

ஆன்மா என்றால் கோயில், பூசை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அம்மா தினமும் இருட்டில் எழுந்தாரே, அந்த நோக்கமும் ஆன்மாதான்.