மீட்டிங் நடக்கும்போது குக்கர் விசிலை யார் எண்ணுவது?

கேள்வி: கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வயது 36. போன வருஷம் (2020) மார்ச்சிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. கணவர் மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். இந்த வருஷம் (2021) மே 10 கொரோனா ஊரடங்கிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. மகன் நாலாம் வகுப்பு, மகள் யு.கே.ஜி. இரண்டு பேருக்கும் ஆன்லைன் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் வர முடியவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்தால், அமெரிக்க கிளையண்ட் கால் முடிந்து மிச்ச வேலையும் பார்த்துப் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. மீட்டிங்கில் பேசிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுகிறேன். மே மாதம் சித்தப்பா கொரோனாவில் இறந்துவிட்டார், போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. கணவர் நல்லவர், சொன்னால் செய்வார். ஆனாலும் போன வாரம் மீட்டிங் நடுவில் வந்து பாஸ்வேர்ட் கேட்ட மகனை அடித்துவிட்டேன். எல்லோரும் சமாளிக்கிறார்கள், நான்தான் நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் தவிக்கிறேனோ என்று இருக்கிறது. ஒரு டைம்டேபிள் போட்டுத் தர முடியுமா?

பதில்: சகோதரி, டைம்டேபிள் போடுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, அதைச் செய்ய மனம் வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்து எல்லோரையும் நடக்க வைப்பதும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். ஐந்தரையிலிருந்து பதினொன்றரை வரை ஓடுகிறவருக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை.

அந்த விசிலை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் பருப்பு. ஹாலில் லேப்டாப், காதில் ஹெட்செட். கிளையண்ட் ஏதோ கேட்கிறார். ஒரு விசில் வந்துவிட்டது. பதில் சொல்லத் தொடங்குகிறீர்கள். இப்போது வந்தது இரண்டாவதா, மூன்றாவதா? எழுந்து போய் அணைக்க ஐந்து நொடிதான் ஆகும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் உங்கள் மனதின் ஒரு பகுதி அடுப்படியிலேயே நின்றது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். கவன எச்சம் என்று அதைச் சொல்லலாம். அடி பிடித்த பாத்திரம் மாதிரி அது அடியிலேயே இருக்கும். ராத்திரி படுக்கும்போது "இன்றைக்கு என்னதான் செய்தேன்" என்று தெரியாமல், உடம்பு மட்டும் அடித்துப் போட்டதுபோல் வலிப்பது இதனால்தான்.

"எல்லோரும் சமாளிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் சமாளிக்கவில்லை. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் 97 நிமிடம். அதுவும் பள்ளி, ஆபீஸ், வேலைக்கு வரும் அக்கா எல்லாம் இருந்த காலத்துக் கணக்கு. இப்போது அந்த மூன்றும் இல்லை. அவை செய்துகொண்டிருந்த வேலை எங்கே போயிற்று என்று கேட்டால், உங்கள் வீட்டில் அது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய "சொன்னால் செய்வார்" என்ற வார்த்தையில்தான் முடிச்சு இருப்பதாக நான் நினைக்கிறேன். அவர் மனசு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்ல வேண்டுமென்றால், பால் தீர்ந்தது, மாத்திரை நாளைக்கு முடிகிறது, சின்னவளுக்கு வெள்ளிக்கிழமை ரைம்ஸ் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எப்போதும் நினைவு வைத்திருக்க வேண்டும். அந்த நினைவு வைக்கும் வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதைத் தனியாகச் சுமக்கிறவர் நீங்கள்.

அதனால் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பொறுப்புகளை அடியோடு அவர் கையில் கொடுங்கள். சின்ன வேலைகள் வேண்டாம், முழுசாக ஒரு பகுதியைக் கொடுங்கள். உங்கள் கிளையண்ட் கால் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை முதல் ஒன்பதரை வரை வீடு அவருடையது. என்ன சமைப்பது, எப்போது ஊட்டுவது, யார் பல் தேய்த்தார்கள், அத்தைக்கு ராத்திரி மாத்திரை, எல்லாமே அவர். சமையல் தெரியாது என்பாரானால் அரிசிம்பருப்பு சாதத்தில் ஆரம்பிக்கட்டும். ஒரே குக்கர், ஒரே தாளிப்பு. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவருக்கு அதன் ருசி நாக்கிலேயே இருக்கும், கை தானாகப் பழகிவிடும்.

இதில் கஷ்டமான பகுதி உங்களுடையது. முதல் வாரம் சாதம் குழையும். மகள் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவாள். சிங்க்கில் பாத்திரம் கிடக்கும். எழுந்து போய்ச் சரி செய்யக் கை பரபரக்கும். போகாதீர்கள். நீங்கள் ஒரு தடவை போய் உப்புப் பார்த்துவிட்டால் அந்தப் பொறுப்பு மறுபடி உங்களுடையதாகிவிடும். மாமியார், "ஏங்கண்ணு, அவன் போய் அடுப்படியில நிக்கறானே" என்று வருத்தப்படலாம். அதற்கு அவரே பதில் சொல்லட்டும். "அம்மா, அவளுக்கு மீட்டிங், இது என்ற வேலை" என்று மகன் வாயால் கேட்பதும் மருமகள் வாயால் கேட்பதும் ஒன்றல்ல என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

இதை எப்படித் தொடங்குவது? இரண்டு நாளைக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். வேலை நேரத்தில் யார் எதற்காக உங்களைக் கூப்பிட்டாலும் அங்கேயே ஒரு வரி எழுதுங்கள். பாஸ்வேர்ட். சார்ஜர். மாத்திரை. கேஸ் புக் பண்ணியாச்சா. காய்கறி வண்டி வந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல இதைச் செய்யவில்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் தூங்கிய பிறகு கணவரும் நீங்களும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பல வீடுகளுக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்ததும் வாதம் குறைந்துவிடும், ஏனென்றால் அதில் இருப்பது கோபமாக இல்லாமல் கணக்காக இருக்கும். பட்டறை நடத்துகிறவருக்குக் கணக்கு புரியும். பாதி வரிகள் உங்களிடம் வரவே தேவையில்லாதவை என்பதும் தெரியும். பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி மகனின் மேஜைக்கு மேல் ஒட்டினால் ஒரு வரி போயிற்று. அத்தையின் மாத்திரையைக் காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாவில் ஞாயிற்றுக்கிழமையே போட்டு வைத்தால் இன்னொன்று போயிற்று.

இன்னும் ஒன்று, அவரோடு உட்காரும் அந்த ராத்திரியில் பட்டறையைப் பற்றிக் கேளுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஜூன் 7-க்குப் பிறகு மற்ற மாவட்டங்களுக்குக் கிடைத்த தளர்வுகள் கோவை உட்பட 11 மாவட்டங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. மனைவி சம்பாதிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, வாய்விட்டுச் சொல்ல முடியாத வெட்கம் ஒன்று இருக்கும். பட்டறைக்குக் கடன் இருந்தால், தவணையைத் தள்ளிப் போடவோ குறைக்கவோ வழி இருக்கிறதா என்று வங்கியில் உடனே கேட்கச் சொல்லுங்கள். கடன் தவணை பயம் கொஞ்சம் குறைந்த மனிதர் அடுப்படியிலும் வேறு மாதிரி நிற்பார்.

குழந்தைகளின் வகுப்பு விஷயம் சுலபம். மத்திய கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றுதான் சொல்கிறது. யு.கே.ஜி. போன்ற சின்ன வகுப்புகளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. உங்கள் பள்ளி அதைவிட அதிகம் நடத்தினால் நான்கு பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதுவரை சின்னவள் ஒரு வகுப்பை விட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஐந்து வயதுக் குழந்தை வெண்டைக்காய் எண்ணினாலும் கணக்குதான்.

மேனேஜரிடம் "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் அனுதாபப்படுவார், எதுவும் மாறாது. நேரமாகக் கேளுங்கள். "சாயங்காலக் காலுக்குத் தவறாமல் வருகிறேன். அதற்குப் பதில் காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை எனக்கு மீட்டிங் வேண்டாம், அந்த நேரத்தில் முடிக்கும் வேலையைத் தினமும் எழுதி அனுப்பிவிடுகிறேன்." இவ்வளவு போதும். கொடுப்பதும் கேட்பதும் ஒரே மூச்சில் இருந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம், வேலை நேரத்துக்கு வீட்டுக்குள் ஓர் அடையாளம் வையுங்கள். தோளில் ஒரு துப்பட்டா போட்டிருந்தால் அம்மா ஆபீஸில் இருக்கிறாள், எடுத்துவிட்டால் வீட்டில் இருக்கிறாள் என்று குழந்தைகளிடம் சொல்லுங்கள். கதவு இல்லாத ஹாலில் அதுதான் கதவு. துப்பட்டாவை எடுத்த பிறகு லேப்டாப்பைத் திறக்காமல் இருக்க வேண்டியது உங்கள் பங்கு.

அத்தை பகலெல்லாம் செய்திச் சேனல் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சத்தம் உங்கள் காதிலும்தான் விழுகிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று போதும். சர்க்கரைக்கு மருந்துச் சீட்டு வேண்டுமானால் அரசின் இ-சஞ்சீவனி இணையச் சேவை மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் கட்டணமில்லாமல் பேசலாம்.

மகனை அடித்ததை நினைத்து நீங்கள் தினமும் கலங்குவீர்கள் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவனிடம் இன்னும் பேசவில்லை என்றால் இன்றைக்கே பேசுங்கள். "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. நீ கேட்டதுல தப்பு இல்ல. அம்மாவுக்கு ரொம்பக் களைப்பா இருந்துச்சு, ஆனா அதுக்காக அடிச்சிருக்கக் கூடாது." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், "நீயும் தொந்தரவு பண்ணாம இருந்திருக்கணும்" என்று ஒரு வால் சேர்க்கவும் வேண்டாம். ஒன்பது வயதுப் பையனுக்கு இது புரியும். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவன் வீட்டிலேயே கற்றுக்கொள்வான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். குக்கர் விசிலுக்கும் கணவருக்கும் நடுவில், போகிற போக்கில், சித்தப்பா இறந்ததை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த வாரமும் நீங்கள் லீவு போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த இரண்டாம் அலையில் என்னிடம் பேசுகிற பலர் தூக்கம் வரவில்லை, எரிச்சல் வருகிறது, மறதி வருகிறது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசினால் ஒரு மரணம் வெளியே வருகிறது. முகம் பார்க்கவில்லை. மாலை போடவில்லை. கட்டிப் பிடித்து அழ ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் கூப்பிய கை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டார்கள். சாவு வீடு என்று ஒன்றை நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை. மூன்று நாள் அடுப்பு எரியாமல், பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வந்து, வருகிறவர்களிடமெல்லாம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் அந்தத் துக்கம் மெல்ல மனதில் இறங்கும். உங்களுக்கு அது எதுவுமே நடக்கவில்லை. உங்கள் களைப்பில் எவ்வளவு வேலையால் வந்தது, எவ்வளவு இதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பு இல்லாமை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கடைசி எண்ணம் ஒரே ஒரு ராத்திரி வந்தாலும் காத்திருக்காமல் 104 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

அது வேறு. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டைக் கணவரிடம் விட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். சித்தியைக் கூப்பிடுங்கள். "சாப்பிட்டீங்களா சித்தி" என்று ஆரம்பித்து உடனே வைத்துவிடாமல், சித்தப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லட்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவரும் காத்திருப்பார். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள். கீழே குக்கர் விசில் அடித்தால், அதை எண்ண வீட்டில் வேறு ஆள் இருக்கிறார்.