கெண்டோ என்பது மூங்கில் குச்சியால் அடித்துக்கொள்ளும் விளையாட்டுதானே? உண்மையான சாமுராய் வாள்வித்தை அழிந்துவிட்டதா?

இரண்டு பேர் கத்திக்கொண்டே ஒருவர் தலையில் ஒருவர் மூங்கிலால் அடிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அனிமே பார்த்து வளர்ந்தவர் என்றால் ஏமாற்றம் கூடுதலாகவே இருந்திருக்கும். பளபளக்கும் வாள் இல்லை, ஒரே வீச்சில் யாரும் சாய்வதில்லை. அது புரிகிறது. ஆனால் "குச்சி" என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாளை காலை வேலைக்குப் போக வேண்டும், இருந்தும் இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

டோக்கியோவின் எடோகாவா பகுதியில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். மகனை எட்டு வயதில் பக்கத்துப் பள்ளிக் கூடத்தில் நடக்கும் கெண்டோ வகுப்பில் சேர்த்தோம். ஒரு வருடம் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பிறகு நானும் சேர்ந்துவிட்டேன். இப்போது கெண்டோவின் தகுதிப் படிகளில் மூன்றாம் டான். அது பெரிய தகுதி என்று சொல்ல வரவில்லை. எட்டாம் டான் தேர்வு எழுத 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாம் டான் வாங்கிப் பத்து வருடம் போயிருக்க வேண்டும், அப்படி வருகிறவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் தேறுவதே வழக்கம். அந்த ஏணியில் நான் கீழ்ப் படியில் நிற்கிறவள். "மூன்றாம் டானுக்கு என்ன தெரியும்" என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சரி, குச்சிக்கு வருகிறேன். அதன் பெயர் ஷினாய். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, நுனியிலும் கைப்பிடியிலும் தோல் மாட்டி, ஒரு நூலால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த நூல் இருக்கும் பக்கம் வாளின் முதுகு, அதற்கு எதிர்ப்பக்கம் வெட்டுவாய். முதுகுப் பக்கம் பட்டால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் புள்ளி கிடையாது. கையில் இருப்பது மூங்கில்தான், ஆனால் அதை வாளாகத்தான் பிடிக்க வேண்டும், வாளாகத்தான் வீச வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. என் ஷினாயின் ஒரு பட்டையில் சின்னக் கீறல் விட்டிருந்ததை முந்தின வாரமே பார்த்திருந்தேன். வேலை, சமையல், பையனின் பள்ளி என்று ஓடியதில் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று எங்கள் சென்செய்யோடு, அதாவது ஆசானோடு பயிற்சி. அப்போதே அவருக்கு எழுபதுக்கு மேல். நான் அவர் தலைக்கு ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவர் இரண்டடி பின்வாங்கிக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். என் ஷினாயை வாங்கி, நுனியிலிருந்து கைப்பிடி வரை உள்ளங்கையால் தடவினார். ஒரு நீளச் சிலாம்பு எழும்பி நின்றது. தன் முகக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இந்தக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அதற்குப் பின்னால்தான் என் கண் இருக்கிறது" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் வியர்த்துவிட்டது. உடைந்த மூங்கில் கம்பிக்குள் நுழைந்து கண்ணைக் குத்திய விபத்துகள் கெண்டோவில் நடந்திருக்கின்றன என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று மீதி நேரம் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தி, உப்புத்தாள், ஒரு மெழுகுவத்தித் துண்டு எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். நூலை அவிழ்த்து, தோலைக் கழற்றி, நான்கு பட்டைகளையும் தரையில் வரிசையாக வைத்தார். கெட்டுப்போன பட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய ஷினாய் ஒன்றிலிருந்து அதே அளவுப் பட்டையைத் தேடிக் கொடுத்தார். மற்ற மூன்றின் விளிம்புகளை எப்படிச் சீவுவது, உப்புத்தாளால் எப்படி மழுக்குவது, ஒன்றோடொன்று உரசிப் பிளக்காமல் இருக்க மெழுகை எங்கே தேய்ப்பது என்று என்னையே செய்யவைத்தார். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடுத் தோல்வாரை நுனியிலிருந்து நாலில் ஒரு பங்கு தூரத்தில் கட்ட வேண்டும். மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் அவிழ்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. என் கணவரும் பையனும் வெளியே மழையில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

வரலாறு இதுதான். போர்க்களத்தில் சாமுராய்களின் முதன்மை ஆயுதம் வாள் அல்ல. வில், ஈட்டி, 1543-க்குப் பிறகு துப்பாக்கி, இவைதான். வாள் இடுப்பில் இருந்த துணை ஆயுதம். 1588-இல் நாட்டை ஆண்ட தொயோதொமி ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார். பிறகு தொக்குகாவா குலம் ஆண்ட எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) இரட்டை வாள் அணிவது சாமுராய்க்கு மட்டுமே உரிய அடையாளமாக நிலைத்தது. வாள்வித்தை கலையாகச் செழித்ததும் தொக்குகாவா ஆட்சியில் நாடு அமைதியாக இருந்த அந்த இரண்டரை நூற்றாண்டில்தான். வெட்ட வேண்டிய தேவை குறைந்த பிறகு தினமும் பயின்றுகொண்டே இருந்தார்கள்.

பயிற்சியில்தான் சிக்கல். மரவாளால் முழு வேகத்தில் அடித்தால் எலும்பு முறியும், மண்டை பிளக்கும். அதனால் அடி உடம்பைத் தொடும் முன் நிறுத்தும் காத்தா முறையில் பயின்றார்கள். இருவரும் முன்கூட்டியே வகுத்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது. 16-ஆம் நூற்றாண்டில் ஷின்காகே என்ற வாள்வித்தைப் பள்ளியைத் தொடங்கிய கமிஇசுமி நொபுட்சுனா, பிளந்த மூங்கிலைத் தோல் பையில் திணித்து ஒரு பயிற்சி வாள் செய்தார். 1710-களில் நாகனுமா ஷிரோசாயெமொன் முகத்துக்கும் முன்கைக்கும் கவசங்களை மேம்படுத்தினார். 1750, 60-களில் இத்தோ பள்ளியின் நகானிஷி சூஸோ அதை இன்னும் வளர்த்தார். முழு வலுவோடு, நிறுத்தாமல், உண்மையாக ஒருவரை அடிக்கவும் முடிந்தது, அடிபட்டவர் எழுந்து வீட்டுக்குப் போகவும் முடிந்தது.

அன்றைக்கே பழைய முறைக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். கவசம் போட்டுக்கொண்டு மூங்கிலால் அடிப்பது வாள்வித்தையே இல்லை என்றார்கள். ஆக, நீங்கள் இன்று கேட்டது அங்கே இருநூற்றைம்பது வருடமாக நடக்கும் வாக்குவாதம். ஷினாய் வாளுக்குப் பதிலாக வந்த பொம்மை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிரே நிற்பவரைக் காயப்படுத்தாமல் முழு மனதோடு எப்படி மோதுவது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்துக் கண்டுபிடித்த கருவி அது. அதில் சிலாம்பு எழும்பவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பையே நான் மதிக்கவில்லை என்றுதான் பொருள். சென்செய் அன்று அதைத்தான் காட்டினார்.

1868-இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் இந்தக் கலை கிட்டத்தட்டச் செத்தது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, பிழைப்பு இழந்த வாள்வீரர்களைச் சேர்த்துக்கொண்டு சகாகிபரா கென்கிச்சி டிக்கெட் விற்றுக் காட்சிப் போட்டி நடத்த ஆரம்பித்திருந்தார். அவமானம் என்று பலர் ஏசினார்கள். ஆனால் கலை பிழைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அரசுக்கு எதிராகச் சாமுராய்கள் எழுந்த 1877 சட்சுமா கலகத்தில் போலீஸ் வாள்படை பயன்பட்டதும், காவல்துறை வாள்பயிற்சியை எடுத்துக்கொண்டது. 1895-இல் கியோத்தோவில் தாய் நிப்பொன் புதொக்குகாய் என்ற போர்க்கலைச் சங்கம் அமைந்தது, 1911-இல் வாள்பயிற்சி நடுநிலைப் பள்ளிகளுக்குள் வந்தது. பெயரின் கடைசியில் நுட்பம் என்று பொருள்படும் "ஜுட்சு" போய், வழி என்று பொருள்படும் "தோ" வந்து, கெண்டோ என்ற பெயர் பரவலாக நிலைத்தது 1919-ஐ ஒட்டித்தான்.

அப்புறம் போர். இதைச் சொல்லாமல் தாண்டினால் நான் நேர்மையற்றவள். 1930-களிலும் 40-களிலும் கெண்டோவை ராணுவ வெறிக்கு ஆள் தயாரிக்கும் கருவியாக்கினார்கள். என் பெரியம்மா ஒருவர் மலேசியாவில் பேராக்கில் இருக்கிறார். அவருடைய மாமனார் ஜப்பான் ராணுவத்தால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. 1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். கவசம் போட்ட என் படத்தை அனுப்பியபோது பெரியம்மா பதிலே போடவில்லை. பிறகு போனில், "அந்த ஊர்க்காரன் கத்தியையா கண்ணு பிடிச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. மூங்கில், கவசம் என்று நான் மேலே எழுதிய எதையும் அவரிடம் நியாயமாகச் சொல்ல முடியாது.

1945-இல் தோற்ற பிறகு பள்ளிகளில் கெண்டோ தடை செய்யப்பட்டது, அடுத்த வருடம் புதொக்குகாய் கலைக்கப்பட்டது. 1950-இல் வாள் வாடையே இல்லாத ஒரு விளையாட்டாக "ஷினாய் போட்டி" என்று மாற்றி நடத்தினார்கள். 1952-இல்தான் இன்றைய அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் உருவானது. வாளின் நெறிகளைப் பயின்று மனிதப் பண்பை வளர்ப்பதே நோக்கம் என்று அது 1975-இல் எழுதிவைத்தது. வெறும் வாசகம் என்பீர்கள். என் பையன் பதினோரு வயதில் ஒரு போட்டியில் அழகாக ஓர் அடி அடித்தான். மூன்று நடுவர்களும் கொடியைத் தூக்கிவிட்டார்கள். இவன் மகிழ்ச்சியில் முஷ்டியை உயர்த்திக் குதித்தான். கூடிப் பேசிப் புள்ளியை ரத்து செய்துவிட்டார்கள். அடித்த பிறகும் எதிராளியிடமிருந்து கவனத்தை எடுக்காமல் நிற்க வேண்டும், அதற்கு ஸன்ஷின் என்று பெயர். தோற்றவர் முன்னால் கொண்டாடுவது விதிப்படியே குற்றம். அன்று ரயிலில் வீடு வரை அழுதுகொண்டே வந்தான்.

"அழிந்துவிட்டதா" என்பதற்கு ஒரே பதில், இல்லை. சிபா மாகாணத்தில் கத்தோரி ஷின்தோ பள்ளி 15-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நடக்கிறது. 1960-இல் மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கெண்டோவிலும் 1912-இல் தொகுத்த பத்து காத்தாக்கள் இருக்கின்றன, டான் தேர்வில் செய்துகாட்ட வேண்டும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், தோற்கும் பாத்திரம் எப்போதும் மூத்தவருக்கு. ஆசான் தாக்கி, வழிவிட்டு, வெட்டுப்பட்டுக் காட்டுவார். அதைப் பார்த்துத்தான் மாணவர் வெல்லக் கற்கிறார்.

ஒரு வேண்டுகோள். போதிதர்மரை இதில் இழுக்காதீர்கள். டகுவான் என்ற ஜென் துறவி யாக்யூ முனெனொரி என்ற வாள் ஆசானுக்கு எழுதியவற்றின் வழியாக ஜென் பேச்சு வாள்வித்தைக்குள் வந்தது உண்மை. அதை வைத்து வாள்வீச்சே நம்மிடமிருந்து போனது என்று எழுதினால், சிலம்பம் கற்றுக்கொடுக்கும் ஆசான்களுக்கும் அது பெருமை சேர்க்காது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தும் மனசு ஆறவில்லை. போன வருடம் ஊருக்கு வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் ஷினாய்ப் பையை ஆயுதம் என்று நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். நீளம் 120 சென்டிமீட்டருக்குள், எடை அரைக் கிலோகூட வராது. பிரித்துக் காட்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் அளவு மீறிய சாமான் என்று பணம் வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். இங்கே வந்து பார்த்தால் இரண்டு பட்டை முறிந்திருந்தது. கோல்ஃப் மட்டைப் பையோடு பக்கத்தில் நின்றவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்செய்க்கு இப்போது 83. கவசம் போடுவதை நிறுத்திவிட்டார். வகுப்பு தொடங்கும் முன் கதவருகே உட்கார்ந்திருப்பார், குழந்தைகள் வரிசையில் வந்து ஷினாயைக் கொடுப்பார்கள், உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் திருப்பித் தருவார். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

டோக்கியோ பக்கம் வந்தால் தகவல் அனுப்புங்கள். வியாழக்கிழமை என்றால் நல்லது. என்னிடம் இன்னொரு ஷினாய் இருக்கிறது, தருகிறேன். பிடிக்கும் முன் அதை நான்காகப் பிரித்து மறுபடி கட்டிக் காட்டுகிறேன், ஒரு மணி நேரம் ஆகும்.