பழைய பிக்கப்பின் முன் பிரேக்: பேடு, ரோட்டார் மாற்றுவோருக்கான கேள்வி பதில்

பல வருடம் உழைத்த பிக்கப் வண்டிகளின் முன் பிரேக் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: கழற்றிய பழைய பேடுகளை (சக்கரத்தோடு சுழலும் ரோட்டார் என்ற வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) உடனே குப்பையில் போடாதீர்கள். எது இடது, எது வலது, எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சாக்பீஸால் குறித்து வரிசையாக வையுங்கள். வண்டியில் என்ன கோளாறு என்பது பாதிக்குமேல் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பேடு எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும், சார்? கிரீச் சத்தம் வரும்வரை ஓட்டலாமா?

புதுப் பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பேடு தேய்ந்ததும் ரோட்டாரில் உரச வேண்டும் என்றே வைத்த ஒரு சின்னத் தகடுதான் அந்தக் கிரீச் சத்தத்தை எழுப்புகிறது. அது எல்லாப் பேடிலும் இருக்காது. அதை நம்பி உட்கார வேண்டாம். சக்கரத்தின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துவிட்டு “இன்னும் நிறைய இருக்கு” என்பவர்கள் பார்ப்பது வெளிப்பக்கப் பேடை மட்டும். உள்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

கேள்வி: அண்ணா, என் வண்டியில் அதுதான் நடந்தது. உள்பக்கப் பேடு இரும்பு தெரியும்வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம் இருக்கிறது. மட்டமான பேடாக இருக்குமோ?

பேடு மேல் பழி போடாதீர்கள், தம்பி. பேடுகளை ரோட்டாரில் அழுத்தும் கவ்விதான் காலிப்பர்; உங்களுடையது நகரும் வகை. பிஸ்டன் முதலில் உள்பக்கப் பேடை ரோட்டாரில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் பின்னால் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துக்கொண்டு வர வேண்டும். அது நகர்வது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல். பின் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிப் போனால் காலிப்பர் அசையாது. உள்பக்கப் பேடு மட்டும் தனியாக உழைத்துத் தேயும். பிஸ்டன் திரும்பி உள்ளே போகாமல் ஒட்டிக்கொண்டாலும் இதே அடையாளம்தான். பேடு ஒரு முனையில் மெலிந்து மறு முனையில் தடித்து, சரிவாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம்.

பின்களை வெளியே எடுத்துச் சுத்தமாகத் துடையுங்கள். பள்ளம் விழுந்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது வீண் வேலை, புதுசு வாங்குங்கள். அவை போகும் துளையையும் சுத்தம் செய்யுங்கள், கிழிந்த ரப்பர் உறையை மாற்றுங்கள். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம், பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட்டில் மெல்லிய ஸ்டீல் கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கிவிடும். அதில் புதுப் பேடு நுழையவே அடம்பிடிக்கும். அப்போது பேடின் காதை அரத்தால் ராவிச் சின்னதாக்கப் பார்ப்பார்கள். ராவ வேண்டியது பிராக்கெட்டில் இருக்கும் துருவை. கிளிப்பைக் கழற்றி, அடியில் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை வயர் பிரஷ் போட்டு, புதுக் கிளிப் மாட்டுங்கள். பேடு விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் துரு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய நான்கு சக்கர இழுவை (4x4) வண்டிகள் சிலவற்றில் காலிப்பர் நகராது. இரண்டு பக்கமும் பிஸ்டன்கள் இருக்கும். அதில் ஸ்லைடு பின் கிடையாது. ஒரு பேடு மட்டும் அதிகம் தேய்ந்தால் எதிர்ப்பக்கப் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்லைடு பின்னுக்கு வீல் பேரிங் கிரீஸ் போடலாமா?

கூடாது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்து, பின் இன்னும் இறுகும். பிரேக்குக்கு என்று விற்கும் சிலிகான் அல்லது சிந்தெடிக் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக.

கேள்வி: பின்சக்கர இழுவை பிக்கப். காலிப்பரைக் கழற்றியும் ரோட்டார் வரவில்லை. அடித்துப் பார்க்கவா?

அடிக்காதீர்கள். இந்த வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ரோட்டாரும் ஒரே வார்ப்பு. நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் ஸ்பிலிட் பின், நட்டு, வாஷர், அதற்குப் பின்னால் வெளி பேரிங் இருக்கும். அவற்றை எடுத்தால் ரோட்டார் தானாகக் கையோடு வரும். வெளி பேரிங் மண்ணில் விழாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் வேலை கொஞ்சம் கூடுதல். ரோட்டார் மாற்றும்போது பேரிங் வேலையும் சேர்ந்துவிடுகிறது. பேரிங்கும் அது உட்காரும் வெளிவளையமும் ஒரு ஜோடி. பழைய பேரிங்கைப் புது வளையத்தில் ஓட்டுவது சரியில்லை. புது கிரீஸ் சீல் கட்டாயம். கிரீஸை பேரிங்கின் மேலே தடவினால் போதாது, உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் பிதுங்கி வரும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். பழைய கிரீஸை முழுவதும் கழுவிவிடுங்கள். இரண்டு வகை கிரீஸ் கலந்தால் இளகிப் போகலாம்.

நட்டை இறுக்குவதில்தான் சூட்சுமம். ரோட்டாரைச் சுற்றிக்கொண்டே ஓரளவு இறுக்குங்கள், பேரிங் தன் இடத்தில் உட்காரும். பிறகு தளர்த்தி, விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் திரும்ப இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் துளை நேர்படாவிட்டால் நட்டைத் தளர்த்தும் பக்கமாகத் திருப்பி நேர்படுத்துங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு முறை இருந்தால் அதுதான் செல்லும். அதிகம் இறுக்கிய பேரிங் காய்ந்து எரியும். மிகவும் லூசாக விட்டால் ரோட்டார் ஆடும். பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது நான்கு சக்கர இழுவை, ரோட்டார் தனி. துருவில் அப்படியே ஒட்டிக்கொண்டது. என்ன செய்யலாம்?

முதலில், ரோட்டார் ஹப்பின் முன்னால் செருகியிருக்கிறதா, அல்லது ஹப்பின் பின்னால் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மாட்டியது என்றால் ஹப்பைக் கழற்றாமல் நாள் முழுக்க அடித்தாலும் வராது.

முன்னால் செருகியது என்றால் காலிப்பர் பிராக்கெட்டைக் கழற்றியாகிவிட்டதா, முகத்தில் சின்ன ஸ்குரூ ஏதும் பிடித்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பல ரோட்டார்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் ஏறும். துரு இளக்கும் எண்ணெயை ஹப் விளிம்பிலும் சக்கர நட்டு ஏறும் ஸ்டட்களைச் சுற்றியும் அடித்து ஊற விட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரோட்டார் தானே பின்னாலிருந்து தள்ளப்பட்டு வெளியே வரும். சுத்தியல் கடைசி வழி. தூக்கி எறியப் போகும் ரோட்டார் என்றால் மட்டும், ஸ்டட்களுக்கு நடுவே உள்ள முகத்தில் அடியுங்கள். அடி முழுவதும் வீல் பேரிங்குக்கும் போகிறது என்பது நினைவிருக்கட்டும். வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கும்போது இதையெல்லாம் செய்யவே கூடாது. கெட்டியான தரையில் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான்.

கேள்வி: பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ரோட்டார் வளைந்துவிட்டது என்று புதுசு போட்டோம். கொஞ்ச காலத்தில் மறுபடி அதே நடுக்கம். மட்டமான ரோட்டாரா, ஐயா?

“வளைந்துவிட்டது” என்று எல்லோரும் சொல்கிறோம். கழற்றி அளந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிவது வேறு: ரோட்டாரின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு மி.மீ.யில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே பெடலில் தெரியலாம். புது ரோட்டாரில் இது எங்கிருந்து வந்தது? துரு அப்பிய ஹப் முகத்தின் மேல் ரோட்டாரை அப்படியே மாட்டியிருப்பார்கள். ரோட்டார் மயிரிழை சாய்ந்து உட்காரும். அன்றைக்கு நடுக்கம் எதுவும் இருக்காது. ஆனால் பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டாரின் ஒரே பகுதி பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்து, நடுக்கம் தொடங்கும். அதனால்தான் “புதுசு போட்டதும் சரியாச்சு, பிறகு திரும்ப வந்துவிட்டது” என்ற கதை.

ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள், ஸ்டட்களின் அடியைச் சுற்றியும் கூட. ரோட்டாரை வைத்து, வாஷரோடு நட்டுகளை இறுக்கி, டயல் கேஜால் பக்கவாட்டு ஆட்டத்தை அளந்து பாருங்கள். பல வண்டிகளுக்கு 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவுதான் வரம்பு. அதிகம் இருந்தால் ரோட்டாரை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்குவதும் ரோட்டாரைச் சாய்த்துவிடும். எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

கேள்வி: பழைய ரோட்டாரை லேத்தில் கடையலாமா?

கடையலாம். ரோட்டாரின் விளிம்பிலோ முகத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பதித்திருக்கும். கடைந்த பிறகும் அதைவிடத் தடித்திருக்க வேண்டும். பழைய ரோட்டாரில் விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும், வெர்னியரை அதன் மேல் வைத்து அளந்தால் பொய்க் கணக்கு வரும். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள்.

கேள்வி: பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிந்துவிட்டது. ஆபத்தா?

பெயிண்ட்டுக்கு ஆபத்து. வழிந்த இடத்தில் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அடுத்த முறை தள்ளும் முன் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சி கிளாம்ப்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவே பழைய பேடை வைத்து மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் நேராகப் போகும்.

ஆயில் கறுத்திருந்தால் காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) குழாய் மாட்டி, அதைத் திறந்துகொண்டே தள்ளுவேன். அழுக்கு மேலே போகாமல் வெளியே வந்துவிடும். ஆனால் பழைய வண்டியில் நிப்பிள் முறியும் வாய்ப்பு அதிகம். எண்ணெய் அடித்து ஊற வைத்து, ஆறுமுனை ஸ்பேனரால் மட்டும் தொடுங்கள். நிப்பிள் திறந்திருந்தும் பிஸ்டன் அசையவில்லையா? காலிப்பர் உள்ளே துரு. புதுப் பேடு அதைச் சரிசெய்யாது.

கேள்வி: வேலை முடிந்து பெடலை மிதித்தால் தரையைத் தொடுகிறது!

பயப்பட வேண்டாம், உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் பேடு வரை வர வேண்டுமல்லவா? வண்டியை நகர்த்தும் முன் பலமுறை மிதியுங்கள், ஆனால் பாதித் தூரம் மட்டும். பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். பழைய சிலிண்டரின் உள்ளே, வழக்கமாகப் பிஸ்டன் போகாத பகுதி சொரசொரப்பாக இருக்கும்; தரைவரை மிதித்தால் சீல்கள் அதில் உரசிக் கிழியலாம். பெடல் கெட்டியான பிறகும், அழுத்திப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் ஏர் எடுக்க, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: காலிப்பரும் புதுசு. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது.

நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கமா? கீழே இருந்தால் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலேதான் நிற்கும், கீழ் நிப்பிள் வழியாக வராது. மாற்றி மாட்டுங்கள்.

கேள்வி: ஒரு முன்சக்கரம் மட்டும் சூடாகிறது, வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது. பேடு, ரோட்டார், ஸ்லைடு பின் எல்லாம் புதுசு.

ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் உரிந்து ஒருவழிக் கதவு போலாகிவிடும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பாது. பிரேக் பிடித்து நிற்கும் நேரத்தில் சக்கரத்தைத் தூக்கி நிப்பிளைத் திறந்து பாருங்கள். சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருந்தது, ஒரு பக்கம் மட்டும் என்பதால் ஹோஸ்தான் முதல் சந்தேகம். விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம்; கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: முன் பேடு மட்டும் அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. நான்கும் சமமாகத்தான் தேய்கின்றன.

நான்கும் சமம் என்றால் முன்பக்கம் ஒழுங்காக இருக்கிறது. பின்னால் பாருங்கள். பின்சக்கர டிரம் பிரேக்கின் தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோனால் பின் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், சுமை முழுவதும் முன்னால் விழும். பல பிக்கப்களில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைத்த ஒரு வால்வு உண்டு. லோடு ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், காலியாக இருந்தால் குறைக்கும். அது இறுகிவிட்டாலோ, பின்பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) கூட்டி வண்டியை உயர்த்தியிருந்தாலோ, லோடு இருந்தும் காலி என்றே நினைத்துக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பேடு போட்டாலும் இது மாறாது.

கேள்வி: எந்தப் பேடு வாங்கலாம், செராமிக்கா, செமி மெட்டாலிக்கா? துளை போட்ட ரோட்டார் நல்லதா?

லோடு இழுக்கும் வண்டிக்கு என் கை செமி மெட்டாலிக் பக்கம்தான் போகும். சூட்டைத் தாங்கும், பதிலுக்குச் சத்தமும் தூளும் அதிகம். லோடு இல்லாமல் ஓடும் வண்டிக்குச் செராமிக் சுகம். துளை போட்ட ரோட்டார் வேண்டாம், கடும் சூட்டில் துளை ஓரத்தில் விரிசல் விடும். நீண்ட இறக்கத்தில் பெடல் இளகினால் ஆயிலைக் கவனியுங்கள்: டாட் 3 என்ற தரத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 140 வரை இறங்கலாம்.

கேள்வி: மாட்டி முடித்தாச்சு. அப்படியே லோடு ஏற்றலாமா?

பொறுங்கள். புது ரோட்டாரில் துரு வராமல் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தீர்களா? சரி. ஆள் இல்லாத சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக அழுத்திக் குறையுங்கள். சற்று ஓட்டி ஆறவிட்டு மறுபடி, இப்படி எட்டுப் பத்து முறை. நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், சூடான பேடு ஒரே இடத்தில் அச்சுப் பதிக்கும். பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடு பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிட்டு, அதன்பின் லோடு ஏற்றுங்கள்.