எலைட் கார்டுக்கு மாறலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக எஸ்பிஐ பிரைம் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். வருடத்துக்கு நாலரை லட்சம் செலவு ஓடுகிறது. பாக்கி வைக்காமல் முழுசாகக் கட்டிவிடுவேன். அதே எஸ்பிஐயின் எலைட் கார்டுக்கு மாறினால் வருடம் 6,000 ரூபாய்க்கு சினிமா டிக்கெட் இலவசம், ஏர்போர்ட் லவுஞ்ச் (ஓய்வறை) இலவசம் என்று போன் மேல் போன் வருகிறது. வருடம் ஒருமுறை மகளைப் பார்க்க சிங்கப்பூர் போவோம். மாறலாமா?

பதில்: முழுசாகக் கட்டுகிறீர்கள் என்பதால்தான் இந்தக் கணக்கையே போடுகிறேன். பாக்கி வைப்பவராக இருந்தால் மாதம் 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் ஓடும் வட்டி எந்தச் சலுகையையும் விழுங்கிவிடும்.

பிரைமுக்குக் கட்டணம் 2,999, எலைட்டுக்கு 4,999. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் எலைட் கிட்டத்தட்ட 5,900 ஆகிறது. வருடம் 3 லட்சம் செலவழித்தால் பிரைம் கட்டணம் தள்ளுபடி. எலைட்டில் அதற்கு 10 லட்சம் வேண்டும். ஆக, இன்று ஒரு பைசா கட்டாத நீங்கள் நாளை 5,900 கட்டுவீர்கள்.

சினிமா விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாதம் இரண்டு டிக்கெட், ஒன்றுக்கு அதிகபட்சம் 250 ரூபாய், இதுதான் அந்த 6,000. ஒரு மாதம் தியேட்டருக்குப் போகாவிட்டால் அந்த மாதத்துச் சலுகை போனதுதான். அதோடு நம் ஊரில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு இருப்பதால், சாதாரண சீட் 250ஐத் தொடுவதில்லை. 190 என்று வைத்து, வருடத்தில் எட்டு மாதம் இருவரும் போனால் 3,040 ரூபாய் மிச்சம். ஆன்லைன் புக்கிங் கட்டணம் வேறு உங்கள் தலையில்.

உள்நாட்டு லவுஞ்சில் இரண்டு கார்டுக்கும் வித்தியாசமே இல்லை, காலாண்டுக்கு 2 முறைதான். வெளிநாட்டில் பிரைமுக்கு வருடம் 4, எலைட்டுக்கு 6. வருடம் ஒரே பயணம் போகிறவருக்கு நாலே அதிகம். எலைட்டின் உண்மையான லாபம் வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தில் இருக்கிறது: 3.5க்குப் பதில் 1.99 சதவீதம். சிங்கப்பூரில் 60,000 ரூபாய் தேய்த்தால் சுமார் 900 ரூபாய் மிச்சமாகும்.

அப்புறம் இலக்குச் சலுகை, அதாவது வருடச் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டால் கிடைப்பது. எலைட்டில் 3 லட்சத்தில் 10,000 ரிவார்டு புள்ளி, 4 லட்சத்தில் இன்னொரு 10,000. நாலு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்பதால் 5,000 ரூபாய். எல்லாம் கூட்டி, கட்டணத்தைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் 3,000.

ஆனால் பிரைமில் 5 லட்சத்தைத் தொட்டால் 7,000 ரூபாய் வவுச்சர் உண்டு. நீங்கள் அதற்கு 50,000 தூரத்தில்தான் நிற்கிறீர்கள்! 5 லட்சத்தில் எலைட்டுக்கு இன்னும் 15,000 புள்ளி வரும், ஆனாலும் கட்டணம் போக அதுவும் 7,000க்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. ஒரே பலனுக்கு 5,900 ரூபாயை முன்கூட்டியே கட்டுவானேன்? பிரைமிலேயே இருங்கள் என்பதுதான் என் பதில்.

அந்த 50,000க்காகப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இப்போது வேறு வழியில் கட்டும் கார் இன்ஷூரன்ஸ், மளிகை, ஆஸ்பத்திரி பில் இவற்றில் எதைக் கார்டுக்கு மாற்றலாம் என்று பாருங்கள். வாடகை, பெட்ரோலைச் சேர்க்கும் முன் அவை இலக்கில் சேருமா என்று வங்கியில் கேளுங்கள். அடுத்த முறை போன் வந்தால், எலைட்டில் சேர்பவருக்குத் தரும் 5,000 ரூபாய் வரவேற்பு வவுச்சர் பழைய வாடிக்கையாளருக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்றாலும் அது முதல் வருடத்துக்கு மட்டும்தானா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.