ஃபெத்தியேயில் விடுமுறை வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

துருக்கியின் ஃபெத்தியேயில் வீடு வாங்கி, தங்காத மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் அந்த வாடகையை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். 2024 ஜனவரி முதல், ஒரு தடவைக்கு 100 நாள் அல்லது அதற்குக் குறைவாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட அரசு அனுமதி வேண்டும். அதற்கு அந்தக் கட்டடத்தின் எல்லா வீட்டு உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். மேல்மாடிக்காரர் ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் போச்சு.

அப்புறம் ‘தாபு’, அதாவது உரிமைப் பத்திரம். அதில் ‘காத் முல்கியெத்தி’ (கட்டி முடித்த வீட்டின் முழு உரிமை) என்றிருந்தால் நல்லது. ‘காத் இர்திஃபாக்’ (கட்டடம் முடியும் முன் தரப்படும் உரிமை) என்றிருந்தால், குடியேறத் தகுதிச் சான்றான ‘இஸ்கான்’ வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். நீச்சல் குளத்தையும் கடலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவுக் கட்டணம் 4 சதவீதம். சட்டப்படி வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி, நடைமுறையில் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான். நிலநடுக்கக் காப்பீடும் கட்டாயம்.